வாசகர் கேள்வி பதில்: அனுப்பிய மின்னஞ்சல் ஏன் ஸ்பாமுக்குள் விழுகிறது?

இந்த மாதம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: வாடிக்கையாளருக்கு மொத்தமாக அனுப்பும் மின்னஞ்சல் போய்ச் சேர்வதில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே. டொமைனின் (இணையப் பெயரின்) அமைப்புப் பதிவுகளில் எழுத வேண்டியவற்றை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டொமைனை நிர்வகிக்கும் பக்கத்தில் இடும்போது ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

அறுகம்பேயில் சிறிய விருந்தினர் விடுதி வைத்திருக்கிறோம். சீசன் தொடங்குமுன் பழைய விருந்தினர் 400 பேருக்கு ஒரு நியூஸ்லெட்டர் சேவை மூலம் மின்னஞ்சல் அனுப்புவோம். அனுப்புநராகத் தெரிவது எங்கள் இலவச ஜிமெயில் முகவரி. இப்போது பெரும்பாலானவை ஸ்பாமுக்குத்தான் போகின்றன. 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தானே புதிய விதி?
– விடுதி நடத்துநர், பொத்துவில்

விதி இரண்டு அடுக்காக இருக்கிறது. 5000 என்ற கணக்கு மேலடுக்குக்கு உரியது. கீழடுக்கு, ஒரேயொரு மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கும் உண்டு. கூகிளும் யாகூவும் 2023 ஒக்டோபரில் இதை அறிவித்து, 2024 பெப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப். (எந்தச் சேர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் டொமைன் பதிவு), டிகிம் (கடிதத்தில் இடும் மின்னணு முத்திரை) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அனுப்பும் சேர்வரின் ஐ.பி. இலக்கத்துக்குப் பெயரும், அந்தப் பெயருக்கு அதே இலக்கமும் பொருந்த வேண்டும். இணைப்பு டி.எல்.எஸ். மூலம் மறையாக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்பாம் முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது.

உங்கள் சிக்கல் இவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. ஜிமெயில்.கொம் என்ற டொமைன் கூகிளுக்குச் சொந்தம். அந்தப் பெயரைப் போட்டு வேறொருவருடைய சேர்வரிலிருந்து கடிதம் அனுப்பக்கூடாது என்று கூகிளே தன் அனுப்புநர் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. அப்படிப் புறப்பட்ட கடிதம் டிமார்க் சோதனையில் தோற்று ஸ்பாமுக்குப் போகலாம். (டிமார்க் என்பது, சோதனையில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் சொல்லும் பதிவு.) யாகூ முகவரி என்றால் இன்னும் மோசம். 2014 ஏப்ரலிலிருந்தே அதன் டிமார்க் கொள்கை ‘நிராகரி’ என்பதுதான். நியூஸ்லெட்டர் சேவையில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் இது தீராது.

விடுதியின் பெயரில் சொந்த டொமைன் ஒன்று வாங்குங்கள். அனுப்புநர் முகவரி அதில் இருக்கட்டும். பதில்கள் பழைய ஜிமெயிலுக்கே வர வேண்டுமென்றால் ‘ரிப்ளை-டு’ இடத்தில் அந்த ஜிமெயில் முகவரியைப் போடலாம். அதற்குத் தடை இல்லை.

உங்கள் இணையத்தளத்தில் விசாரணைப் படிவம் இருந்தால் அதையும் பாருங்கள். பல படிவங்கள், விசாரிக்கிற விருந்தினரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்களுக்கு அனுப்புகின்றன. அதுவும் இதே காரணத்தால் விழும், அறை கேட்டு எழுதியவரின் கடிதம் உங்கள் கண்ணிலேயே படாது. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியும், ரிப்ளை-டு இடத்தில் விருந்தினரின் முகவரியும் வர வேண்டும்.

5000 எப்படி எண்ணப்படுகிறது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு 24 மணி நேரத்தில் போகிறவற்றை மட்டுமே கூகிள் எண்ணுகிறது. துணை டொமைன்களிலிருந்து போவதெல்லாம் பிரதான டொமைனின் கணக்கில் சேரும். ஒரு நாள் தாண்டினாலும் போதும், அதற்குப் பிறகு நிரந்தரமாக மொத்த அனுப்புநர்தான். பெருநாளைக்கு ஒரு தடவைதானே என்று சொல்லித் தப்ப முடியாது.

துணிக்கடையும் ஒன்லைன் விற்பனையும் நடத்துகிறோம். இணையத்தளம் ஒரு ஹோஸ்டிங்கில், அலுவலக மின்னஞ்சல் கூகிள் வேர்க்ஸ்பேஸில், விளம்பரம் வேறொரு சேவையில். மூன்று தரப்பும் ஒவ்வொரு எஸ்.பி.எஃப். பதிவு தந்தன. மூன்றையும் போட்டோம். அதன் பிறகு நிலைமை மோசமாகிவிட்டதே?
– கடை உரிமையாளர், காத்தான்குடி

ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டாவது வந்த உடனேயே, பெறுகிற சேர்வர் அதை நிரந்தரப் பிழையாக எடுத்துக்கொண்டு எந்தப் பதிவையும் ஏற்காது. மூன்றையும் ஒன்றாக்குங்கள். தொடக்கத்தில் ‘வி=எஸ்பிஎஃப்1’ ஒரு தடவை. அடுத்து ஒவ்வொரு சேவையும் தந்த ‘இன்க்ளூட்’ துண்டுகள். ஹோஸ்டிங் சேர்வருக்கு ‘ஐபி4’ என்று போட்டு அதன் இலக்கம். கடைசியில் ‘~ஓல்’. பதிவின் வகை டி.எக்ஸ்.டி. (எழுத்துப் பதிவு). கடைசிச் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி மட்டும் வேண்டாம். உலகத்தில் எவரும் என் பெயரில் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அது சமம்.

ஒன்றாக்கினாலும் ஒரு எல்லை உண்டு. எஸ்.பி.எஃப். பதிவை வாசிக்கும் சேர்வர் டி.என்.எஸ்.இல் (டொமைன் பெயர்களின் இணைய விவரப் பட்டியலில்) 10 தேடலுக்கு மேல் போகாது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், ரீடைரக்ட் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தேடல். ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டுகளும் கணக்கில் சேரும். ஐபி4, ஐபி6, ஓல் ஆகியவை சேராது. ஐந்து சேவையைச் சேர்த்தவருக்கு எண்ணிக்கை 10ஐத் தாண்டிப் போவது சாதாரணம், தாண்டினால் மறுபடி அதே நிரந்தரப் பிழை.

இங்கேதான் பலரும் வீணாக இடத்தை இழக்கிறார்கள். எஸ்.பி.எஃப். பார்ப்பது வாசகர் கண்ணில் படுகிற அனுப்புநர் முகவரியை அல்ல, கடிதம் திரும்பினால் போய்ச் சேர வேண்டிய ‘ரிட்டர்ன்-பாத்’ முகவரியை. நியூஸ்லெட்டர் சேவைகளில் பல அந்த இடத்தில் தங்கள் டொமைனையே போடுகின்றன. அப்படியென்றால் அவர்களுடைய இன்க்ளூட் உங்கள் பதிவில் இருந்தும் பயனில்லை. எடுத்துவிடுங்கள், தேடல் மிச்சமாகும். அதற்குப் பதிலாக, உங்கள் துணை டொமைன் ஒன்றை ரிட்டர்ன்-பாத்தாக வைக்க அவர்கள் வசதி தருகிறார்களா என்று அமைப்புகளில் தேடுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒன்றும் மாறவில்லையென்றால் நேம்சேர்வரை (டொமைனின் பதிவுகளை வெளியுலகுக்குக் கொடுக்கும் சேர்வரை) பாருங்கள். டொமைனின் நேம்சேர்வர் கிளவுட்ஃபிளேர் சேவையில் இருக்க, ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் பதிவு போடுகிறவர்கள் ஏராளம். சிபேனலில் எல்லாம் பச்சையாகத் தெரியும், வெளியுலகம் அதைப் பார்க்கவே பார்க்காது. நேம்சேர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு போட வேண்டும்.

வேர்க்ஸ்பேஸின் டிகிம்மும் பலருக்குத் தெரியாமல் அரைகுறையாக நிற்கும். எதுவும் செய்யாமல் விட்டால் கூகிள் தன்னுடைய ஒரு டொமைனின் பெயரில்தான் கையொப்பம் இடும். நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயில் அமைப்புக்குள் மின்னஞ்சல் உறுதிப்படுத்தும் பகுதிக்குப் போய், 2048 பிட் திறவுகோலை உருவாக்கி, அதை டி.எக்ஸ்.டி. பதிவாகப் போட்டுவிட்டு, திரும்பி வந்து ‘தொடங்கு’ பொத்தானை அமுக்க வேண்டும். அந்தக் கடைசி அமுக்கலை மறப்பவர்கள்தான் அதிகம். 2048 பிட் திறவுகோல் ஏறத்தாழ 400 எழுத்து வரும். டி.எக்ஸ்.டி. பதிவின் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் ஏற்காது. சில டொமைன் பக்கங்கள் தாமாகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். சில பாதியை வெட்டிவிடும். போட்ட பிறகு பதிவைத் திறந்து, கடைசி எழுத்து வரை இருக்கிறதா, நடுவில் இடைவெளியோ வரி முறிவோ புகுந்துவிட்டதா என்று பாருங்கள்.

எங்கள் கல்வி நிலையம் பெற்றோருக்கு நேர அட்டவணையும் பெறுபேறும் அனுப்புகிறது. சோதித்துப் பார்த்தால் எஸ்.பி.எஃப். பாஸ், டிகிம் பாஸ், ஆனால் டிமார்க் ஃபெயில். இரண்டும் சரியென்றால் மூன்றாவது எப்படித் தவறும்?
– கணினிப் பொறுப்பாளர், கல்முனை

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இதுதான். மற்றவர்களின் சிக்கல்களில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு தபாலை எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் பின்புறம் அனுப்பியவர் விலாசம் இருக்கும். உள்ளே கடிதத் தலைப்பில் ஒரு பெயர் இருக்கும். எஸ்.பி.எஃப். உறையின் பின்புறத்தை மட்டும் பார்த்து, ‘இந்தச் சேர்வர் இந்த விலாசத்துக்கு உரியதுதான்’ என்கிறது. டிகிம் கடிதத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, ‘முத்திரை போட்டவர் இன்னார், இடையில் யாரும் திருத்தவில்லை’ என்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பெற்றோர் பார்ப்பது கடிதத் தலைப்பை. அங்கே உங்கள் நிலையத்தின் பெயர், உறையிலும் முத்திரையிலும் அனுப்பும் சேவையின் பெயர். டிமார்க் கேட்பது ஒன்றுதான்: பாஸான பெயரும் தலைப்பிலுள்ள பெயரும் ஒன்றா? உங்களுக்கு ஒன்றல்ல. ஆகவே ஃபெயில்.

இரண்டில் ஒன்று பொருந்தினாலே டிமார்க் பாஸாகும். டிகிம்மைப் பொருத்துவதே உறுதியான வழி. கடிதத்தை ஒருவர் வேறு முகவரிக்கு முன்னனுப்பினால் எஸ்.பி.எஃப். உடையும், டிகிம் பெரும்பாலும் தப்பும். உங்கள் அனுப்பும் சேவையில் டொமைனை உறுதிப்படுத்தும் பக்கம் இருக்கும். அது இரண்டு அல்லது மூன்று சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவு) தரும். அவற்றை உங்கள் டொமைனில் போட்டால், முத்திரை உங்கள் பெயரிலேயே விழும். துணை டொமைன் இருந்தாலும் பரவாயில்லை. வழமையான தளர்வான பொருத்தத்தில் ‘செய்தி.உங்கள்பெயர்.எல்கே’ என்பதும் ‘உங்கள்பெயர்.எல்கே’ என்பதும் ஒரே வீட்டுக்காரர்தான்.

சரிபார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கணினியின் பிரவுசரில் திறந்து, மூன்று புள்ளியை அமுக்கி மூலத்தைக் காட்டும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிச் செயலியில் அந்தத் தெரிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேலே மூன்று வரி தெரியும். ‘பாஸ்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று வாசியுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

டிமார்க் பதிவில் ‘பி=நன்’ போட்டால் போதும் என்கிறார்களே?
– கணக்காளர், மட்டக்களப்பு

ஜிமெயிலின் விதிக்குப் போதும். உங்கள் கடையின் பெயரில் யாரோ போலி விலைப்பட்டியல் அனுப்புவதைத் தடுக்கப் போதாது. ‘நன்’ என்பது வேடிக்கை பார், ஒன்றும் செய்யாதே என்று சொல்லும் பதிவு.

பதிவின் பெயர் ‘அடிக்கோடு டிமார்க்’. உள்ளடக்கம் ‘வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டு:’ என்று தொடங்கி, அறிக்கை வர வேண்டிய முகவரியில் முடியும். ‘டிமார்க்’ இங்கே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பெயரில் ஒரு பொறி உண்டு. சில பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமே பின்னால் ஒட்டும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு தடவை வந்துவிடும், பதிவு யாருக்கும் அகப்படாது.

அறிக்கைகளுக்கு அலுவலக முகவரியைக் கொடுக்க வேண்டாம். நாளாந்தம் சுருக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். கோப்புகளாக வந்து குவியும். தனி முகவரி ஒன்று வையுங்கள். அது வேறு டொமைனில் இருந்தால், அந்த டொமைனும் அறிக்கை பெறச் சம்மதம் என்று ஒரு பதிவு போட வேண்டும். இல்லாவிட்டால் எதுவும் வராது, ஏன் வரவில்லை என்று எவரும் சொல்லவும் மாட்டார்கள்.

குறைந்தது ஒரு முழு மாதம் அறிக்கைகளைப் பாருங்கள். மாத முடிவில் மட்டும் விலைப்பட்டியல் அனுப்பும் கணக்கு மென்பொருள், பற்றுச்சீட்டு அனுப்பும் இணையத்தளம், யாரோ எப்போதோ இணைத்த பதிவுப் படிவம் எல்லாம் அப்போதுதான் வெளியில் வரும். அவற்றை ஒழுங்குபடுத்திய பிறகு ‘குவாரன்டைன்’ (ஸ்பாமில் போடு), இன்னும் சில வாரம் கழித்து ‘ரிஜெக்ட்’ (நிராகரி). நேரே ரிஜெக்டுக்குத் தாவினால், போலிக் கடிதத்தோடு சேர்த்து உங்கள் பற்றுச்சீட்டும் குப்பைக்குப் போகும். மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தாத டொமைன் ஏதாவது வாங்கி வைத்திருந்தால் அதற்கு மட்டும் இன்றைக்கே ரிஜெக்ட் போடலாம்.

எங்கள் விளம்பர மின்னஞ்சலின் அடியில் ‘விலக இங்கே அழுத்துக’ என்று இணைப்பு இருக்கிறது. அது போதாது என்று சேவை எச்சரிக்கிறது. ஏன்?
– விற்பனை முகாமையாளர், வாழைச்சேனை

அடியிலுள்ள இணைப்பும் வேண்டும், அதோடு கடிதத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரியும் வேண்டும்: லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட். முதலாவதில் எச்.டி.டி.பி.எஸ். முகவரி இருக்கும். இரண்டாவது ‘ஒரே அழுத்தில் விலக்கு’ என்று சொல்லும். இவை இருந்தால் ஜிமெயில், அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தன் சொந்த விலகல் பொத்தானைக் காட்டும். இரண்டு வரியும் டிகிம் கையொப்பத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். 5000ஐத் தாண்டுகிறவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து இது கட்டாயம்.

ஏன் இரண்டாவது வரி? நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் கடிதத்திலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து சோதிக்கும். வெறும் இணைப்பைத் திறந்தாலே விலக்கிவிடும் அமைப்பாக இருந்தால், விருப்பமில்லாமலே வாடிக்கையாளர் பட்டியலை விட்டுப் போய்விடுவார். போஸ்ட் முறையில் (இணைப்பைத் திறப்பதால் அல்ல, பொத்தானை அமுக்குவதால்) வந்த கோரிக்கைக்கு மட்டும் விலக்கினால் அந்த விபத்து இல்லை.

விலகச் சொன்னவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். கடவுச்சொல் கேட்பது, காரணம் கேட்பது எல்லாம் அந்தப் பொத்தானில் கூடாது. ஓடர் உறுதிப்படுத்தல், பற்றுச்சீட்டு, கடவுச்சொல் மாற்றம் போன்றவற்றுக்கு இது தேவையில்லை. ஆனால் பற்றுச்சீட்டின் அடியில் அரைப் பக்க விளம்பரத்தைச் சேர்த்துவிட்டு, அது பற்றுச்சீட்டுத்தான் என்று வாதாட வேண்டாம்.

மூன்று சோதனையும் பாஸ். டொமைனும் பொருந்துகிறது. இன்னும் ஸ்பாமுக்குத்தான் போகிறது.
– ஒன்லைன் வியாபாரி, அக்கரைப்பற்று

உறுதிப்படுத்தல் அடையாள அட்டை மாதிரி. நீங்கள் யார் என்று சொல்லும், நல்லவர் என்று சொல்லாது. அதைத் தீர்மானிப்பது, பெறுகிறவர்கள் ஸ்பாம் பொத்தானை அமுக்குகிற அளவு.

கூகிளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் உங்கள் டொமைனைப் பதிந்தால் இந்த வீதத்தைப் பார்க்கலாம். இலவசம்தான். 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள், 0.3ஐ ஒருபோதும் தொடாதீர்கள் என்பது கூகிளின் அறிவுரை. எண்ணிக்கையில் பார்த்தால் பயம் வரும்: 2000 பேரின் இன்பொக்சுக்குப் போனதில் ஆறு பேர் முறைப்பட்டால் 0.3. ஆறே ஆறு பேர். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் முகவரிகளையெல்லாம் கேட்காமல் பட்டியலில் சேர்த்திருந்தால் முதல் நாளே ஆறு பேர் கிடைத்துவிடுவார்கள். ஏற்கனவே ஸ்பாமுக்குள் விழுந்த கடிதத்தை யாரும் முறைப்பட மாட்டார்கள் என்பதால், வீதம் தாழ்ந்து தெரிந்தாலும் அதை நல்ல செய்தி என்று நம்பிவிடாதீர்கள்.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். விலைக்கு வாங்கியது என்றால் முழுவதையும் தூக்கி எறியுங்கள், திருத்தி எடுக்க வழி இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறது. ஒரு வருடமாகத் திறக்காதவர்களைத் தனியே பிரித்து வையுங்கள். புது டொமைன் என்றால், முதல் நாள் நன்கு அறிந்த 50 பேர், பிறகு 100, 200 என்று சில வாரங்களில் கூட்டுங்கள். தைப்பொங்கலுக்கு முதல் நாள் வாங்கிய டொமைனிலிருந்து மறுநாள் 8000 வாழ்த்துப் போனால், எந்தப் பதிவும் காப்பாற்றாது.

பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு குழு முகவரி இருக்கிறது. அதற்கு ஒருவர் எழுதினால் 600 பேருக்குப் போகும். கனடா, இங்கிலாந்தில் இருக்கிறவர்களில் பலர் இன்னும் ஹொட்மெயில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பி வருகிறது.
– சங்கச் செயலாளர், களுவாஞ்சிகுடி

மைக்ரோசொஃப்ட் தன் அவுட்லுக், ஹொட்மெயில், லைவ் முகவரிகளுக்கு 2025 மே 5ஆம் திகதி முதல் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்பும் டொமைனுக்கு மூன்று சோதனையும் வேண்டும், இல்லாவிட்டால் 550 5.7.515 என்ற குறியோடு திரும்பும். 600 பேர் கொண்ட உங்கள் சங்கத்துக்கு அந்தக் குறி வர வாய்ப்புக் குறைவு. திரும்பி வந்த கடிதத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஜிமெயில் என்றால் 5.7.26 உறுதிப்படுத்தல் தவறியதைக் குறிக்கும். 4 என்று தொடங்குபவை தற்காலிகமானவை, சேர்வர் மறுபடி முயலும். 5 என்று தொடங்குபவை முடிந்த கதை.

உங்களுடைய காரணம் பெரும்பாலும் குழு முகவரியேதான். யாகூ வைத்திருக்கும் உறுப்பினர் எழுதுகிறார், குழுச் சேர்வர் அவருடைய பெயரிலேயே 600 பேருக்கு மறுபடி அனுப்புகிறது. எஸ்.பி.எஃப். அப்போதே பொருந்தாமல் போகும். கடிதத்தின் பொருள் வரியில் சங்கத்தின் பெயரையும் அடியில் ஒரு வரியையும் சேர்க்கிறது, கடிதம் திருத்தப்பட்டதால் டிகிம்மும் உடையும். இரண்டும் போனால் யாகூவின் ‘நிராகரி’ கொள்கை வேலை செய்யும். குழு மென்பொருளில் அனுப்புநர் முகவரியைச் சங்கத்தின் முகவரியாக மாற்றி எழுதும் அமைப்பு இருக்கும். அதை இயக்கி, சங்கத்தின் டொமைனுக்கு டிகிம் போடுங்கள். எழுதியவரின் பெயர் தெரியும், அவருடைய முகவரி ரிப்ளை-டு இடத்துக்குப் போகும்.

தமிழிலேயே ‘.இலங்கை’ டொமைன் வாங்கி அதிலிருந்து அனுப்ப முடியுமா? தலைப்பைத் தமிழில் எழுதினால் ஸ்பாமாகுமா?
– பதிப்பாளர், சம்மாந்துறை

தமிழ்த் தலைப்பினால் ஸ்பாமாகாது. தலைப்பை யு.டி.எஃப்.-8இல் முறையாகக் குறியாக்காத பழைய நிரலினால் ஆகலாம். கேள்விக்குறி வரிசையாக வந்தால் கோளாறு அங்கேதான்.

‘.இலங்கை’ டொமைன் டி.என்.எஸ்.இல் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் எழுத்து வரிசையாகவே பதிவாகும். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் பதிவுகளிலும் அந்த வடிவத்தையே எழுத வேண்டும். முகவரியின் முன்பகுதியும் தமிழில் இருந்தால், வழியிலுள்ள ஒவ்வொரு சேர்வரும் அதை ஏற்க வேண்டும். ஜிமெயில் 2014இலிருந்தே அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறுகிறது. பல நிறுவனச் சேர்வர்கள் இன்னும் ஏற்பதில்லை. இணையத்தளத்துக்குத் தமிழ் டொமைனை வையுங்கள். நூற்பட்டியல் அனுப்புவதற்கு இப்போதைக்கு ‘.எல்கே’ போதும்.